அடியும் சொல்லும்: ஏற்காட்டுப் பாதையில் ஓர் ஊஃபர்

மனு எழுதித் தரச் சொன்னார்கள். தமிழ் எம்.ஏ. படித்துவிட்டு மலை ஊரில் இருப்பவனுக்கு இரண்டு வேலைகள் தானாக வந்து சேரும். ஒன்று, கல்யாணப் பத்திரிகையில் ஒற்றுப்பிழை பார்ப்பது. மற்றது, கலெக்டருக்கு மனு எழுதுவது. இந்த முறை விஷயம் சத்தம். கோடை விழா நாட்களிலும் சனி ஞாயிறுகளிலும் ஏற்காட்டுக்கு ஏறி வரும் கார்களிலிருந்தும் டூரிஸ்ட் வேன்களிலிருந்தும் கிளம்புகிற பாட்டு. ரோட்டோர வீடுகளில் ஜன்னல் அதிர்கிறது, படுத்த படுக்கையாய்க் கிடக்கும் பெரியவர் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொள்கிறார், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். குறை பொய்யில்லை. நான் எழுதிய முதல் வாக்கியம் இது: ‘அமைதிக்குப் பெயர்போன எங்கள் மலையின் தூய்மையைக் கெடுக்கும் நாகரிகமற்ற பேரிரைச்சலைத் தடுத்து நிறுத்த வேண்டுகிறோம்.’ திரும்பப் படித்தபோது, இதை எழுதியது நானில்லை, எனக்கு முன்பே யாரோ எழுதிவைத்திருந்த பிரதியை என் கை நகலெடுத்திருக்கிறது என்று பட்டது. அமைதி, தூய்மை, நாகரிகம் என்ற மூன்று சொற்களும் ஒன்றையொன்று முட்டுக்கொடுத்து நிற்கின்றன. ஒன்றை உருவினால் மற்ற இரண்டும் விழுந்துவிடும்.

மனுவை மடித்து வைத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்தப் பேரிரைச்சலில் ஒரு பங்கு என் சித்தி மகனுடையது.

சேலத்துக்கும் ஏற்காட்டுக்குமாக டாக்ஸி ஓட்டுகிறான் அவன். பழைய ஸ்விஃப்ட். சீட்டுப் பணம் கைக்கு வந்ததும் டயர் மாற்றுவான் என்று சித்தி நம்பிக்கொண்டிருந்தார். அவன் சேலத்தில் ஒரு பட்டறையில் வண்டியைக் கொண்டுபோய் விட்டான். “ரெண்டு நாள் ஆகும்ணா, நீயும் வா, வீட்ல உக்காந்து என்ன பண்ணப்போற” என்றான். போனேன். நாமக்கல்லில் லாரிக்குக் கூண்டு கட்டுகிறார்கள், கரூரில் பஸ்ஸுக்கு. கம்பெனி தருகிற வண்டியை அப்படியே ஒப்புக்கொள்ளாத வட்டாரம் இது. சேஸிஸ் மட்டும் அவர்களுடையது, உடம்பு நம்முடையது என்கிற மனம் இங்கே இரண்டு மூன்று தலைமுறையாக உண்டு. காரின் டிக்கியில் பெட்டி செய்கிறவனும் அந்தப் பரம்பரையில் வருகிறவன்தான்.

பெட்டிதான் முதலில். வெளியாட்கள் நினைப்பதுபோல ஊஃபர் வாங்கி மாட்டினால் பேஸ் வந்துவிடாது. ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் தள்ளும்போது பின்னால் உறிஞ்சுகிறது. முன்பக்க ஒலியும் பின்பக்க ஒலியும் சந்தித்தால் ஒன்றையொன்று தின்றுவிடும். இரண்டையும் பிரித்துவைக்கிற சுவர்தான் பெட்டி. மூடிய பெட்டியில் அடி இறுக்கமாக விழும். துளை வைத்த பெட்டியில் பின்பக்கக் காற்றும் சேர்ந்துகொண்டு குறிப்பிட்ட ஓர் அதிர்வெண்ணில் கூடுதலாக முழங்கும், ஆனால் அதற்குக் கீழே போனால் கூம்புக்குப் பிடிமானம் இல்லாமல் கிழியும் அளவுக்கு ஆடும். இந்தக் கணக்கை ஒழுங்குபடுத்தியவர்கள் ஆஸ்திரேலியாவில் இருந்த இருவர். நெவில் தீல் 1961இல், ரிச்சர்ட் ஸ்மால் எழுபதுகளின் தொடக்கத்தில். பட்டறைக்காரருக்கு அந்தப் பெயர்கள் தெரியும். “டி.எஸ். பாராமீட்டர் பாத்துதான் சார் அறுக்கறோம்” என்றார். எம்.டி.எஃப். பலகை வேண்டாம், மலை வண்டி, பனியில் ஊறிப்போகும் என்று பிளைவுட்டை எடுத்தவரும் அவர்தான். கோட்பாட்டை இவ்வளவு பதற்றமில்லாமல் கையாளுகிற ஆளை நான் நம் கருத்தரங்குகளில் பார்த்ததில்லை.

அடுத்தது வாட். எங்கள் வீட்டில் இருந்த பழைய டேப் ரிக்கார்டரின் நெற்றியில் ‘1000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ.’ என்று பொன்னிற ஸ்டிக்கர் இருந்தது. சுவரில் செருகிய ஒல்லி ஒயரில் அத்தனை வாட் எங்கிருந்து வரும் என்று யாரும் கேட்டதில்லை. பி.எம்.பி.ஓ. என்பது கண்ணிமைக்கும் நேரத்துக்குக் கிடைக்கலாம் என்று விற்பவர் கற்பனை செய்துகொண்ட உச்சம். அளவீட்டின் உடையை மாட்டிக்கொண்ட கதையாடல். ஆர்.எம்.எஸ். என்கிற வாட்தான் தொடர்ந்து தாங்கக்கூடியது. இவனுடைய ஆம்ப்ளிஃபையர் ஆர்.எம்.எஸ்.ஸில் ஆயிரம். கார் ஓடும்போது பேட்டரி முனையில் பதினாலு வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். ஆயிரம் வாட்டை அதிலிருந்து எடுக்க, ஆம்ப்ளிஃபையரின் வீணாகும் பங்கையும் சேர்த்தால், சுமார் 87 ஆம்பியர் வேண்டும். பாட்டு என்பது ஓயாத உச்சமல்ல, எனவே சராசரி இதில் சிறு பங்குதான். ஆனால் ஒவ்வோர் அடியும் விழுகிற கணத்தில் அந்த 87ஐயும் கேட்கும். அதற்குத்தான் விரல் தடிமனில் செம்பு ஒயர். பேட்டரிக்கு ஒட்டினாற்போல ஃபியூஸ், ஏனென்றால் வழியில் எங்காவது ஒயர் உரசிச் சேர்ந்துவிட்டால் வண்டியே எரியும். சின்ன வண்டியின் ஆல்டர்னேட்டரால் முடியாத இடத்தில் வோல்ட் இறங்குகிறது, ஹெட்லைட் மங்குகிறது. வளைவில் வண்டியை நிறுத்தி வழிவிடும்போது, என்ஜின் ஐடிலில் இருக்க, பாட்டின் தாளத்துக்குப் பனியில் விளக்கு மங்கி மங்கி எரிவதைப் பின்னால் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. பயமாகவும்.

இரண்டாம் நாள் சாயங்காலம் கதவைச் சாத்திக்கொண்டு பாட்டைப் போட்டான். எண்பதுகளின் இளையராஜா. எனக்கு மனப்பாடமான பாட்டு. ஆனால் அதில் ஒரு பேஸ் கிடார் இருப்பதை அன்றுதான் கேட்டேன். இருப்பது தெரியும், சசிதரன் வாசித்தது என்று பெயரும் தெரியும். கேட்டதில்லை. மெட்டுக்குக் கீழே இன்னொரு மெட்டு, பாடுகிற குரலுக்குப் பதில் சொல்லிக்கொண்டும் சில இடங்களில் முந்திக்கொண்டும் நடக்கிறது. கண்ணில் நீர் வந்தது என்று எழுத வெட்கமாக இருக்கிறது, வந்தது.

நாம் ஏன் அதைக் கேட்கவில்லை? டீக்கடை ரேடியோவும் கல்யாண வீட்டு மைக் செட்டும் அந்தக் கீழ்ஸ்தாயியைத் தூக்கிவராது. பனைமரத்திலும் பந்தல் காலிலும் கட்டுகிற கூம்பு ஒலிபெருக்கி சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே ஊமை. அது சொல்லுக்காகச் செய்த கருவி. மெய்யெழுத்துகளின் உரசலும் வெடிப்பும் வாழ்கிற நடு, மேல் அதிர்வெண்களை மட்டும் குவித்து மைதானத்தின் கடைசி ஆள்வரை அனுப்புவது அதன் வேலை. மேடைச் செந்தமிழ் என்பது இருபதாம் நூற்றாண்டின் நடுவில் திராவிட இயக்கப் பேச்சாளர்கள் கட்டியெழுப்பிய நவீனப் பழக்கம் என்று பெர்னார்ட் பேட் 2009இல் வெளிவந்த தன் நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார். அந்தச் செந்தமிழுக்கு ஒரு இரும்புத் தொண்டையும் இருந்தது என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். அடுக்குமொழி, மோனை, எதுகை எல்லாம் கூம்பில் எடுபடுகிறவை. கூம்பின் தமிழகம் சொல்லின் தமிழகம். அதற்கு உடம்பின் கீழ்ப்பாதி இல்லை.

ஊஃபர் நேர் எதிர். அதற்குச் சொல் தெரியாது. 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் எட்டரை மீட்டர், ஸ்விஃப்ட்டின் நீளமோ நாலு மீட்டருக்குள். காருக்குள் அந்த அலைக்கு முழுதாய் நீட்டிப் படுக்க இடமில்லை. எனவே உள்ளே இருப்பது ஏறக்குறைய அலை அல்ல, துருத்திக்குள் போல மொத்தக் காற்றும் ஏறி இறங்குகிற அழுத்தம். காதுக்கு முன்னால் வயிறு அதை அறிகிறது. எழுத்தொலி உந்தியிலிருந்து கிளம்பும் காற்றால் பிறக்கிறது என்பது தொல்காப்பியப் பிறப்பியல். இங்கே பயணம் தலைகீழ், ஒலி உந்திக்குத் திரும்பி வருகிறது. “பாட்டோட வரி கேக்கணும்னா ஃபோனே போதும்ணா. இது வேற” என்றான் அவன். இந்த ‘வேற’ என்பதை விளக்க நம் ரசனை விமர்சனத்தில் சொல் கிடையாது. நாம் பாட்டு விமர்சனம் என்று எழுதியதெல்லாம் பாட்டெழுத்து விமர்சனம்.

ஆனால் காருக்கு வெளியே நடப்பது வேறு கதை. மேல் அதிர்வெண்களைக் கண்ணாடியும் தகரமும் தடுத்துவிடுகின்றன, கீழ் அதிர்வெண்கள் ஊடுருவிப் போகின்றன. குரல், வரி, மெட்டு எல்லாம் காசு கொடுத்தவனுக்கு உள்ளே. ரோட்டில் நிற்பவருக்குத் தும் தும் என்ற அடி மட்டும். அடி என்றால் செய்யுளின் அடி, அடிப்பாகம், அடிக்கிற அடி. மூன்று பொருளும் இங்கே பொருந்தும். பொதுக்கூட்டத்துக் கூம்பு எல்லோருக்கும் ஒரே பேச்சைத் தந்தது, பிடிக்காவிட்டாலும் பதில் பேச முடிந்தது. ஊஃபரின் எச்சத்தோடு எப்படி விவாதிப்பது?

‘அமைதிக்குப் பெயர்போன மலை’ என்பதற்கு வருகிறேன். தமிழ்ப் பொருளிலக்கணத்தில் மலை அமைதியானதல்ல. ஒவ்வொரு திணைக்கும் கருப்பொருளில் ஒரு பறை உண்டு, குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை. தினைப்புனத்தில் கிளியோட்டும் பெண்கள் தட்டை, குளிர் என்று ஓசைக் கருவிகளோடுதான் குறிஞ்சிப்பாட்டில் வருகிறார்கள். இன்றும் மே மாதத்தில் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு மலையாளிப் பழங்குடி மக்கள் கூடும்போது அங்கே யாரும் கிசுகிசுப்பதில்லை. அமைதியான மலை என்பது 1820களில், சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காப்பிச் செடி கொண்டுவந்த காலத்தையொட்டி, சமவெளியின் வெயிலிலிருந்து தப்பி வந்த வெள்ளைக்காரர்கள் கட்டத் தொடங்கிய ஒன்று. பங்களா, வேலி, ஏரிக்கரை நடை, இவற்றோடு சேர்ந்து கட்டப்பட்டது அமைதி. கட்டினவர்கள் போனபிறகும் அது வாடகைக்கு விடப்படுகிறது, இன்றைய ரிசார்ட் விளம்பரங்களில் அதற்குத்தான் விலை.

அந்த அமைதியைப் பராமரித்தவர்களில் என் சித்தியும் ஒருவர். ஒரு பங்களாச் சமையலறையில் பல வருஷம் வேலை. விடுமுறை நாட்களில் மகனையும் கூட்டிக்கொண்டு போவார். பின்வாசல் படியில் உட்கார வேண்டும், பேசக்கூடாது. “பாத்திரம் கழுவுறப்பக்கூட சத்தம் வரக்கூடாதுண்ணா. எங்கம்மா ஸ்பூனை ஒவ்வொண்ணா துணிமேல வெப்பாங்க” என்று பட்டறையில் வைத்துச் சொன்னான். ஆயிரம் வாட்டுக்கும் அந்த ஸ்பூனுக்கும் தொடர்பு இருப்பதாக அவன் சொல்லவில்லை. அது என் வாசிப்பு.

இந்த இடத்தில் நமக்குப் பழக்கமான ஒரு வழி திறந்து கிடக்கிறது. தொண்ணூறுகளின் சிறுபத்திரிகைகளைப் பழைய புத்தகக் கடைகளில் பொறுக்கிப் படித்து விமர்சனம் கற்றவன் நான். விளிம்பின் குரல், எதிர்க்கலாச்சாரம், ஒழுங்கின்மையின் அரசியல் என்று மூன்று பதங்களைத் தூவி, 1977இல் இரைச்சலைப் பற்றி ழாக் அத்தாலி எழுதியதை ஒரு பத்தி சேர்த்தால் கட்டுரை தயார். எதிர்ப் பக்கத்துக்கும் அதே 1977இல் ஆள் உண்டு. கனடா இசையமைப்பாளர் முர்ரே ஷாஃபர். ஒலிச்சூழல் என்ற கருத்தைப் பரப்பியவர், நகர இரைச்சலை நோயாகப் பார்த்தவர். எனக்கு ஷாஃபரிடம் மேய்ச்சல் நிலத்தின் ஏக்கம் அதிகமாகவும், அத்தாலியிடம் அடுத்த வீட்டுக்காரர் அறவே இல்லாமலும் தெரிகிறது.

அடுத்த வீட்டுக்காரர் யார் என்று பார்க்கத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாதையோரமாக நடந்தேன். எஸ்டேட் பங்களாக்கள் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, மரக்கூட்டத்துக்குப் பின்னால். அங்கே எந்த ஊஃபரும் எட்டுவதில்லை. ரோட்டை ஒட்டி இருப்பவை ஷீட் போட்ட வீடுகள், ஒற்றைக்கல் சுவர்கள், சோளம் சுடுகிற தள்ளுவண்டிகள். தகரம் அடிக்கு நன்றாகவே பதில் சொல்லும். பங்களாவின் அமைதிக்கு எதிராக என் தம்பி வைத்த அடி விழுவது சித்தியைப் போன்றவர்களின் கூரைமேல். இதைக் கலகம் என்று எழுத என் பேனா மறுத்தது. அதே சமயம், அந்தக் கூரைகளின் பெயரால் எழுதப்பட்ட மனுவில் பங்களாவின் வாக்கியம் இருந்ததையும் மறக்க முடியவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு பத்து மணிக்கு மேல் 45. தெளிவாகத்தான் இருக்கிறது, அந்த டெசிபலுக்குப் பின்னால் தொங்கும் ‘ஏ’ என்ற எழுத்தைப் பார்க்காதவரை. ஏ அளவுகோல் என்பது மனிதக் காதைப் போலக் கேட்கும்படி மீட்டருக்குள் வைத்த வடிகட்டி. 1933இல் ஃப்ளெட்சரும் மன்ஸனும் காதின் உணர்திறனை அளந்து போட்ட வளைகோடுகளில் மெல்லிய ஒலிக்கான ஒன்றிலிருந்து வந்தது. மெல்லிய ஒலியில் நம் காது பேஸை அதிகம் கேட்பதில்லை, எனவே இந்த வடிகட்டி 40 ஹெர்ட்ஸில் சுமார் 35 டெசிபலைக் கழித்துவிடும். ஆற்றல் கணக்கில் மூவாயிரத்தில் ஒரு பங்குதான் மீட்டருக்குத் தெரியும். நிஜத்திலோ பேஸ் ஒரு வாசலைத் தாண்டும்வரை கேட்காது, தாண்டிவிட்டால் கொஞ்சம் கூடினாலே பெரிதாய்க் கூடிவிடும். விதிகளின் அட்டவணை ஏ அளவுகோலை மனிதக் கேட்டலோடு பொருந்தியது என்றே விளக்குகிறது. எந்த மனிதர்? மெல்லப் பேசுகிற அறையில் உட்கார்ந்திருக்கிறவர். ஷீட் வீட்டுக்குள் படுத்துக்கிடப்பவரின் நெஞ்செலும்பு அந்த வரையறைக்குள் இல்லை.

கல்லூரியில் இயற்பியல் நடத்துகிற நண்பரின் மீட்டரைக் கடன் வாங்கி அந்தப் பெரியவர் வீட்டு வாசலில் வைத்தோம். வண்டி போகும்போது ஏ அளவில் எண் கொஞ்சம் நகர்ந்தது, பக்கத்தில் நாய் குரைத்தால் வருகிற அளவு. ‘சி’ அளவுக்கு மாற்றி அடுத்த வண்டிக்குக் காத்திருந்தோம். சி கீழ்ஸ்தாயியை அவ்வளவாகக் கழிப்பதில்லை. எண் எகிறியது. பெரியவர் உள்ளேயிருந்து, “இப்பதான் மிஷினுக்கே கேக்குதா” என்றார்.

என்னை உண்மையில் அசைத்தது இது எதுவுமில்லை. பட்டறையிலிருந்து திரும்பி வந்த இரவு. அடிவாரத்தில் டீ குடித்துவிட்டு ஏறத் தொடங்கினோம். இருபது கொண்டை ஊசி வளைவு. மலைப்பாதை காதால் படிக்க வேண்டிய பிரதி, அதற்கென்று வளைவுகளில் ஒலி எழுப்பச் சொல்லிப் பலகையே உண்டு. ஏறுகிற வண்டிக்கு முன்னுரிமை என்பது விதி. நடைமுறையில் கீழே வரும் பஸ் திரும்புவதற்கு முழுப் பாதையும் தேவை, அது முதல் திருப்பத்திலிருந்தே ஹாரன் அடித்துச் சொல்லிக்கொண்டு வரும், கேட்டவன் ஒதுங்குவான். பாதி மலை ஏறியிருப்போம். பனி. உள்ளே நான் புதிதாகக் கண்டுபிடித்த அந்த பேஸ் கிடார். வளைவில் திரும்பினால் கண்ணாடி முழுக்க பஸ்ஸின் விளக்கு. பிரேக் பிடித்தான், வண்டி பக்கச்சுவர்ப் பக்கமாக இழுத்துக்கொண்டு நின்றது. டிரைவர் ஜன்னலைத் திறந்து கத்திய எதுவும் எங்களுக்குக் கேட்கவில்லை. வாய் மட்டும் அசைந்தது. மூன்று தடவை ஹாரன் அடித்தாராம், அவன் பாட்டை நிறுத்திய பிறகு சொன்னார். கொஞ்ச நேரம் என்ஜின் விசிறிச் சத்தம் மட்டும். “டயர் மாத்தியிருக்கணும்” என்றான் தம்பி.

2022 அக்டோபரில் வடக்கஞ்சேரியில், பள்ளிப் பிள்ளைகளை ஊட்டிக்கு ஏற்றிச் சென்ற டூரிஸ்ட் பஸ் அரசு பஸ்மீது மோதி ஒன்பது பேர் இறந்தார்கள். வேகம்தான் அங்கே முதல் குற்றச்சாட்டு. ஆனாலும் அதற்குப் பிறகு கேரளத்தில் டூரிஸ்ட் பஸ்களின் லேசர் விளக்கும் ஒலி அமைப்பும் நீதிமன்றம்வரை போயின. அந்தச் செய்தியை அப்போது நான் ஒழுக்கவாதப் பதற்றம் என்று ஒதுக்கியிருந்தேன். ஊஃபர் பிறரின் காதை மட்டும் எடுத்துக்கொள்வதில்லை, போட்டவனின் காதையும் பிடுங்கிக்கொள்கிறது. உள்ளே இருப்பவன் மலையில் இல்லை. அவனுக்கு எதிரே வருகிறவன் இல்லை. உடலை மீட்கிறது என்று நான் கொண்டாடிய அதே அழுத்தம் அடுத்த உடல் வருவதை அறிவிக்கும் ஒலியை மூடிவிட்டது. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் வைக்க முயன்று பார்க்கிறேன், இதுவரை முடியவில்லை.

இப்போது அவன் மலைப்பாதையில் ஊஃபரைத் தனியாக நிறுத்திவைக்கிற ஸ்விட்ச் ஒன்றை ஸ்டியரிங் பக்கத்தில் போட்டிருக்கிறான். வளைவு வந்தால் நிறுத்துவான், நேர்ப்பாதையில் போடுவான். பாட்டு இருபது இடத்தில் காலொடிந்து போகிறது, கேட்கச் சகிக்கவில்லை. ஏரிக்கரையில் நிறுத்தினால் இன்னும் போடத்தான் செய்கிறான், கொஞ்சம் குறைத்து.

மனுவைத் திருப்பி எழுதினேன். அமைதி, தூய்மை, நாகரிகம் மூன்றையும் எடுத்துவிட்டேன். ரோட்டோர வீடுகளின் வாசலில் சி அளவில் அளக்க வேண்டும், வளைவுகளில் ஹாரன் கேட்காத வண்டியை மேலே விடக்கூடாது, ரிசார்ட் விழாக்களின் ஸ்பீக்கர்களையும் அதே மீட்டரால் அளக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். மனு கேட்டவர்களில் இரண்டு பேருக்கு மூன்றாவது கோரிக்கை பிடிக்கவில்லை. கையெழுத்துக்காகத் தம்பியிடமும் கொடுத்தேன். வண்டி பானெட்மேல் வைத்து முழுசாகப் படித்தான்.

“ண்ணா, ஒலிபெருக்கின்னு போட்டிருக்க. அது கோயில்ல கட்டுறது. ஊஃபர்னு மாத்து.”

மாத்தினேன். கையெழுத்து இன்னும் போடவில்லை.